தலையில் நீர் கோத்ததா, நீர் குறைந்ததா?

மதுரைப் பக்கம் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: "தலையில நீர் கோத்துக்கிச்சு." ஈரத்தலையோடு படுத்தாயா? நீர் கோத்துக்கொண்டது. மார்கழிப் பனியில் கோயிலுக்குப் போய்வந்தாயா? நீர் கோத்துக்கொண்டது. பிள்ளை பெற்று நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் ஃபேனுக்குக் கீழே படுத்தாயா? கேட்கவே வேண்டாம். காரணம் தெரிந்தவுடன் வைத்தியமும் ஆரம்பமாகிவிடும். நெற்றியில் சுக்குப் பத்து, நொச்சித்தழை ஆவி, சாம்பிராணிப் புகை, காதுக்குப் பஞ்சு.

சளி பிடித்தவனுக்கு நொச்சி ஆவி இதமாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. நீர் கூடியதால் இல்லாமல், நீர் குறைந்ததால் வருகிற தலைவலி ஒன்று உண்டு. அதைச் சந்தேகிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை நம் வீடுகளிலும் கேட்பதில்லை, பல ஆஸ்பத்திரிகளிலும் கேட்பதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மூளை மண்டையோட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வெளியே எடுத்து நிறுத்தால் ஏறக்குறைய 1,400 கிராம் இருக்கும் மூளை, அந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் பாரம்போலத்தான் உள்ளே இருக்கிறது. நீரின் மொத்த அளவு சுமார் 150 மில்லி; ஒரு டம்ளர் காபி அளவு. நாளொன்றுக்கு அரை லிட்டர்போலப் புதிதாகச் சுரக்கிறது, பழையது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்த நீர் தலையோடு நிற்பதில்லை. முதுகுத் தண்டைச் சுற்றி இடுப்புவரை இறங்குகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே உறை, அதற்குள் ஒரே நீர். உறைக்கு டியூரா என்று பெயர்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் இந்த நீருக்கு 'லிக்கீத் செஃபலோ ரஷிதியேன்' என்று பெயர். தலை-முதுகெலும்பு நீர் என்று அர்த்தம். மழாந்தி என்ற பிரெஞ்சு மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த பெயர். பெயரிலேயே தலையும் முதுகும் சேர்ந்திருக்கின்றன. நாமோ தலைவலி என்றால் தலையை மட்டும் பார்க்கிறோம். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், சைனஸ் என்று மூக்கைப் படம் எடுக்கிறோம். ஓட்டை முதுகில் இருக்கும்.

முதுகில் உறை ஓட்டையானால் நீர் கசியும். சுரப்பதைவிடக் கசிவது அதிகமானால் உள்ளே நீர் குறையும். எழுந்து நின்றால் மிதப்பதற்குப் போதிய நீர் இல்லாமல் மூளை சற்றுக் கீழே தொய்கிறது. அதைத் தாங்கும் சவ்வுகளும் ரத்தக் குழாய்களும் இழுபடுகின்றன. பிடரியிலிருந்து நெற்றிவரை வலி கொல்லும். கழுத்து இறுகும், குமட்டும், காது அடைத்ததுபோல் இருக்கும், சிலருக்குக் காதில் இரைச்சல் கேட்கும். படுத்தால் சில நிமிடங்களிலோ கால் மணி நேரத்திலோ வலி தணிந்துவிடும். மறுபடி எழுந்தால் மறுபடி வரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எழுந்து உட்கார்ந்தால் வலி கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா?"

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் முறையை முதன்முதலில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். 1898 ஆகஸ்டில் தம் உதவியாளரை அழைத்துத் தம் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார். ஊசியும் சிரிஞ்சும் ஒன்றோடொன்று பொருந்தாததால் மருந்து உள்ளே போகாமல் தண்டுவட நீர் வெளியே வழிந்தது. பியர் அதன்பின் ஒன்பது நாள் தலைவலியோடு படுக்கையில் கிடந்தார். படுத்தால் எல்லாம் சரியாகிறது, எழுந்தால் திரும்ப வருகிறது என்று தாமே எழுதியும் வைத்தார். முதுகு ஊசியைக் கண்டுபிடித்தவரே அதன் தலைவலியையும் அனுபவித்து, அடையாளத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. நாம் இன்னும் சுக்கு அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் இந்த ஓட்டை எங்கே அதிகம் விழுகிறது? பிரசவ வார்டில். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 64 ஆகிறது. பெரும்பாலான சிசேரியன் முதுகு ஊசியில்தான் நடக்கிறது. அது நல்லதுதான். முழு மயக்கம் கொடுப்பதைவிடத் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பானது. நான் முதுகு ஊசிக்கு எதிரியில்லை. ஊசி போட்டவளை மூன்றாம் நாள் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குத்தான் எதிரி. இந்தத் தலைவலி ஊசி போட்ட அன்றே வருவது குறைவு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், சிலருக்கு ஐந்தாம் நாள்கூட வரும். அதற்குள் பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டில்தான் 'நீர் கோத்த' வைத்தியம் காத்திருக்கிறதே.

எங்கள் தெருவில் சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவம், சிசேரியன், நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தால் தலை பிளக்கிறது என்று படுத்துக்கொண்டே கொடுத்தாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள்லாம் புள்ள பெக்கலையா? உக்காந்து பால் குடுக்கச் சோம்பல், எந்நேரமும் படுக்கை" என்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். தூக்கம் இல்லாததால் வருகிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலோ பச்சை உடம்பு என்று தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்தார்கள். பத்துப் போட்டதில் நெற்றித்தோல் வெந்துபோனதுதான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் அந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனார் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் அம்மா ஒருவர். "ஏத்தா, படுத்தா வலி விடுதா?" என்றார். "ஆமா மதினி, படுத்தா ஒண்ணுமே இல்ல, எந்திரிச்சாத்தான்" என்றாள் பெண். "முதுகுல ஊசி போட்டாகளா?" "ஆமா." அவ்வளவுதான் விசாரணை. அன்று மாலையே ஒரு மயக்க மருந்து நிபுணரிடம் அனுப்பினார். மறுநாள் அவர் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் போட்டார்கள். சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படுத்தால் வலி நிற்கிறது என்பது நோயின் அடையாளம். அதையே நம் வீடுகள் சோம்பேறித்தனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. நோய் பாதி என்றால் இந்தப் பேச்சு மீதி.

கையிலிருந்து எடுத்த ரத்தத்தை முதுகில் போடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவது மாதிரிதான். நோயாளியின் கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் உடனே செலுத்துகிறார்கள். ரத்தம் உறைந்து ஓட்டையின் மேல் ஒட்டிக்கொள்கிறது, கசிவு நிற்கிறது. அமெரிக்காவில் கோர்ம்லி என்ற மருத்துவர் 1960-ல் இதைத் தொடங்கினார். முதுகில் ஊசி குத்தும்போது சற்று ரத்தம் வந்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவாக வருகிறதே என்று கவனித்ததுதான் ஆரம்பம். எல்லாருக்கும் இது தேவைப்படாது. பலருக்கு ஓய்வு, வலி மாத்திரை, போதிய நீராகாரம் என்று ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஓட்டை மூடிவிடும். காபி கொஞ்சம் உதவும். எழுந்து பிள்ளையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி இருந்தால் இந்த ரத்த ஒட்டுத்தான் கை கொடுக்கும். சிலருக்கு இரண்டாம் முறையும் போட வேண்டிவரும். காய்ச்சல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் டாக்டர் யோசித்துத்தான் செய்வார்.

இங்கே இன்னொரு தடை. "முதுகுல ஊசி போட்டாலே ஆயுசுக்கும் இடுப்புவலி" என்ற பேச்சு. அதை நம்பிக்கொண்டு, மறுபடி முதுகில் ஊசியா என்று குணமாக்கும் ஊசியையும் மறுத்துவிடுகிறார்கள். பிள்ளை சுமந்து பெற்றவளுக்கு ஊசி போடாவிட்டாலும் இடுப்பு வலிக்கும். எல்லாப் பழியையும் ஊசிமேல் போட்டுவிட்டு, உண்மையிலேயே ஊசியால் வந்த தலைவலியை மட்டும் பனிமேலும் ஃபேன்மேலும் போடுகிறோம். இது என்ன நியாயம்?

ஆஸ்பத்திரிகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. முதுகு ஊசி போட்டவர் ஒரு நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாக்கக் கிடக்க வேண்டும் என்று பல இடங்களில் கறாராகச் சொல்கிறார்கள். தலையைத் தூக்கினால் ஆயா வந்து திட்டுவார். அப்படிக் கிடப்பதால் இந்தத் தலைவலி வராமல் தடுக்க முடியாது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லி வருடங்கள் ஆகின்றன. உபயோகமில்லாத விதியை இத்தனை கண்டிப்பாகக் காப்பாற்றுகிறவர்கள், உபயோகமான கேள்வியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

தடுக்கும் வழி தலையணையில் இல்லை, ஊசியின் முனையில் இருக்கிறது. முனை கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும் ஊசி ஒரு வகை. பென்சில் முனைபோல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும் ஊசி இன்னொரு வகை. இரண்டாவது ஊசி 1951-லிருந்தே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட 110 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு 2018-ல் வெளிவந்தது. வெட்டும் ஊசியில் நூற்றுக்கு 11 பேருக்குத் தலைவலி, பென்சில் முனை ஊசியில் 4 பேருக்குத்தான். இரண்டாவது ஊசியின் விலை கூடுதல். சிசேரியன் பில்லில் எத்தனையோ வரிகள் இருக்கின்றன. ஊசிக்கென்று ஒரு வரி கூடினால் குடி மூழ்கிவிடாது. "எந்த முனை ஊசி போடுவீங்க டாக்டர்?" என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை.

"தானே சரியாகிவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு இத்தனை கூச்சல்?" என்று சிலர் கேட்பார்கள். பதில் மதுரையிலேயே இருக்கிறது. நம் ஊர் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்துபோன 135 பெண்களைப் பற்றி 1983-ல் ஆய்வு வெளியிட்டார். இந்த நோயைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டவர்கள் இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள். அந்த நோயும் பெரும்பாலும் தலைவலியில்தான் தொடங்கும். படுத்தாலும் விடாது. வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவது இதற்குத் துணைபோகும்.

ஆக, பிரசவித்தவளின் தலைவலி ஒன்றல்ல. படுத்தால் விடுவது ஒன்று, படுத்தாலும் விடாதது இன்னொன்று. முதலாவதற்கு மயக்க மருந்து நிபுணர், இரண்டாவதற்கு அன்றே ஸ்கேன், நரம்பியல் மருத்துவர். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதலில் படுத்தால் விட்டுக்கொண்டிருந்த வலி, பிறகு படுத்தாலும் விடாமல் போனால் அது குணமாகும் அறிகுறி இல்லை. உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம் அல்லது குழாயில் உறைந்திருக்கலாம். இத்தனையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரே கேள்விதான். அதைக் கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பத்து, ஒரே மாத்திரை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

பிள்ளை பெறும் வயதெல்லாம் நமக்கு எப்போதோ போய்விட்டது, நமக்கு எதற்கு இது என்று என் வயதுக்காரர்கள் நினைக்க வேண்டாம். ஊசியே போடாமல் தானாகவே இந்த உறை கிழிவதும் உண்டு. முதுகெலும்பில் வளர்ந்த சிறு எலும்பு முள் குத்திக் கிழிக்கலாம். நரம்பு வெளிவரும் இடத்தில் உறை மெலிந்திருக்கலாம். நீர் நேராகப் பக்கத்து ரத்தக் குழாய்க்குள் வடிந்துபோகும் வகை ஒன்றும் உண்டு. அது 2014-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே ஒரு சொட்டு நீரும் தெரியாது.

இது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் நாலைந்து பேருக்கு வருகிறது என்பது அமெரிக்கக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் 30 லட்சம் பேர். அந்த விகிதத்தை இங்கே பொருத்தினால் வருடத்துக்கு 120-லிருந்து 150 பேர். அவர்களெல்லாம் எங்கே? ஒற்றைத் தலைவலி, கழுத்தெலும்புத் தேய்மானம், பித்தம், மனக்கவலை என்று வேறு வேறு பெயர்களில் வேறு வேறு வரிசைகளில் நின்றுகொண்டிருப்பார்கள்.

வயதானவர்களுக்கு இது வேறு வேஷத்தில் வரும். நீர் குறைந்து மூளை தொய்யும்போது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் கசிந்து தேங்கலாம். கீழே விழவே இல்லை, ஆனால் தலையில் இரண்டு பக்கமும் ரத்தம் என்று ஸ்கேன் சொல்லும். துளை போட்டு ரத்தத்தை எடுப்பார்கள், மறுபடி தேங்கும். மூலகாரணமான ஓட்டை முதுகில் இருக்கிறது என்று யாராவது யோசிக்க வேண்டும். அரிதாகச் சிலருக்குத் தொய்ந்த மூளையால் குணமே மாறி, அறிவு மழுங்கியதுபோல் ஆகிவிடுவதுண்டு. 'வயசாயிருச்சு, அப்படித்தான் இருப்பார்' என்று மூலையில் உட்கார வைத்துவிடுவோம். குணப்படுத்தக்கூடிய ஒரு மறதி, குணப்படாத மறதிகளோடு கலந்துபோய்விடும்.

சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடலாம். மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையைச் சுற்றிய உறை தடித்து ஒளிர்வதும் மூளை கீழிறங்கியிருப்பதும் தெரியும். அந்தப் படமும் ஐந்தில் ஒருவருக்குச் சரியாகவே இருக்கும். முதுகில் ஊசி குத்தி நீரழுத்தத்தை அளந்தாலும் பலருக்கு இயல்பான அளவே காட்டும். ஆகவே இங்கேயும் எந்திரத்தைவிடக் கேள்விதான் முந்தி நிற்கிறது. நாள்பட்டால் படுத்தால் விடும் அடையாளமும் மங்கிவிடும் என்பதால் 'ஆரம்பத்தில் எப்படி இருந்தது?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பார்கள். பெரியாஸ்பத்திரியின் கூட்டத்தை நானும் பார்த்தவன்தான். ஆனால் இந்தக் கேள்வி கேட்க ஐந்து விநாடி. 'நீ டாக்டரா?' என்று என்னைக் கேட்பவர்களுக்கும் அதே பதில். ஓட்டையை அடைக்கத்தான் எம்.டி. வேண்டும். படுத்தால் விடுகிறதா என்று கேட்கப் பாட்டியே போதும்.

அரசு அலுவலகத்தில் படிவங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படிவத்தில் இல்லாத கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். படிவத்தில் ஏறிவிட்டால் கேட்காமல் விடவும் முடியாது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் எடை இருக்கிறது, தையல் பிரிக்கும் தேதி இருக்கிறது, சத்து மாத்திரை இருக்கிறது. இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: 'எழுந்தால் தலைவலி, படுத்தால் குறைவு: உண்டு / இல்லை. உண்டு என்றால் உடனே மயக்க மருந்துப் பிரிவுக்கு வரவும்.' வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும் அதே வரி இருக்கட்டும். திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்ணுக்கு எந்த ஜன்னலில் நிற்பது என்றாவது தெரியும். புதிய கட்டடம் வேண்டாம், எந்திரம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். அச்சகத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவே.

அந்த வரி வரும்வரை நாமாவது செய்வோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் டாக்டரிடம் போய் 'தலைவலி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "எழுந்தால் வலிக்கிறது, படுத்தால் விடுகிறது, இத்தனாம் தேதி முதுகில் ஊசி போட்டார்கள்" என்று முழுதாகச் சொல்லுங்கள். ஊசியே போடாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். பேரன் பேத்தி பிறந்த வீடாக இருந்தால், மருமகள் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள் என்று வாய் திறப்பதற்கு முன்னால், ஏன் படுக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.